பேரரசுகளோட உச்சம் எந்த வருஷம்? கடைமடையில இருந்து ஒரு கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாளையங்கோட்டையில சாயங்காலம் கொஞ்சம் பயலுவளும் பிள்ளைகளும் கூடி குரூப் தேர்வுக்குப் படிப்பாவ, நானும் போய் உக்காந்து வரலாறு சொல்லிக் குடுப்பேன், சம்பளம்லாம் கிடையாது, டீயும் உளுந்தவடையும் தான். வருஷா வருஷம் ஆள் மாறுது, கேள்வி மட்டும் மாற மாட்டேங்கு. அதான் ஒரே இடத்துல டைப் பண்ணிப் போட்டுட்டேன்.

எந்தப் பேரரசு எப்போ உச்சத்துல இருந்துச்சு, சுருக்கமா சொல்லுங்க அண்ணாச்சி?

சரி, மொதல்ல கைடுல இருக்கிற பதிலையே சொல்லிருதேன். பாரசீகம் முதலாம் டேரியஸ் காலம், கிமு 500 வாக்குல. மௌரியர் அசோகர் காலம், கிமு 3-ம் நூற்றாண்டு. ரோம் கிபி 117. சீனாவுல தாங் வம்சம் 755-ல அன் லுஷான் கலகம் வெடிக்கிறதுக்கு முந்தி. சோழர் ராஜேந்திரன் காலம் 1014–1044, மங்கோலியர் 1279, ஒட்டோமான் சுலைமான் காலம் 1520–1566, முகலாயர் ஔரங்கசீப்போட கடைசிக் காலம், 1700 வாக்குல. பிரிட்டிஷ் முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட, 1920 வாக்குல. ஒரு மார்க் கேள்விக்கு இது போதும், இதோட எந்திரிச்சிப் போறவன் போலாம். ஆனா இதுல பாதி வருஷம் மேப்ல ஸ்கேல வச்சு அளந்து எடுத்தது, அதுல எனக்கு சம்மதம் கிடையாது, ஏன்னு கீழ சொல்லுதேன்.

நெலம் எப்ப அதிகமா இருந்துச்சோ அப்ப தானே உச்சம்? இதுல என்ன சம்மதமில்ல?

எங்க வயல் கோரம்பள்ளம் பக்கம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வடகால்ல கடைமடை, அதாவது வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேருத இடம். பாபநாசம் அணை 143 அடி, நெறஞ்சாச்சுன்னு பேப்பர்ல போட்டோ போடுவான், எல்லாரும் சந்தோஷப்படுவாவ. எங்க அய்யா அந்தப் பேப்பர மடிச்சி வச்சிட்டு வாய்க்கால்ல போய் நின்னு பாப்பாரு, கணுக்கால் நனையலன்னா திரும்பி வந்து "எங்கல நெறஞ்சிருக்கு?"ம்பாரு. அவருக்கு அணைல எவ்வளவு தேங்கிக் கெடக்குங்கது கணக்கே இல்ல, கடைசி மடையில எவ்வளவு வந்து விழுதுங்கது தான் கணக்கு.

நானும் பேரரச அப்பிடித்தான் பாக்கேன். டெல்லிக்கோ ஹம்பிக்கோ தஞ்சாவூருக்கோ லண்டனுக்கோ, யாருக்குமே நம்ம திருநெல்வேலிச் சீமை கடைமடை தான். ராஜா தலைநகரத்துல ஒரு வார்த்தை சொன்னா அது இங்கன வந்து நடந்துச்சா, வரி போச்சா, கல்லுல அவன் பேரு வெட்டுனாவளா, எதுத்தவனுக்கு என்ன ஆச்சு, இத வச்சுப் பாத்தா வருஷம் எல்லாம் கொஞ்சம் முன்னப்பின்ன நகரும். பெரும்பாலும் முன்னதான் நகரும். மேப் பெருசா ஆகுத நேரத்துக்கு வாய்க்கால் மேல எங்கயோ உடைஞ்சிருக்கும்.

ரோம் உச்சம் 117-ன்னு போட்டிருக்கே, அந்த ஒத்த வருஷத்த எப்பிடி சொல்லுதாவ?

டிராஜன் பேரரசர் பார்த்தியா (அப்ப ஈரான் பக்கம் இருந்த பேரரசு) மேல படையெடுத்து மெசபடோமியா வரைக்கும் பிடிச்சிட்டாரு, 117-ல செத்தும் போயிட்டாரு. அடுத்து வந்த ஹேட்ரியன், இதெல்லாம் நம்மால வச்சு காக்க முடியாதுப்பான்னு புதுசா பிடிச்ச கிழக்குப் பக்கத்த விட்டுட்டு வந்துட்டாரு. அப்ப பாத்துக்கிடுங்க, அந்த மிகப்பெரிய மேப் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கூட நெலச்சு நிக்கல.

கடைமடையில இருந்து பாத்தா வேற கதை. தமிழ்நாட்டுல தோண்டத் தோண்ட கிடைக்கிற ரோமானியக் காசுல அதிகம் அகஸ்டஸ், டைபீரியஸ் காசு தான், அதாவது டிராஜனுக்கு எண்பது நூறு வருஷம் முந்தி. நம்ம கொற்கை முத்து ரோமாபுரிப் பொம்பளைங்க கழுத்துல கெடந்த காலம் அது. இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) நம்மகிட்ட இருந்து உறிஞ்சுதுன்னு ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்புனதும் முதலாம் நூற்றாண்டுல தான். துட்டு தண்ணியா ஓடுன காலம்னா அதான்.

இப்ப கொற்கைக்குப் போனா வாழைத்தோட்டமும் குளமும் தான் இருக்கும். தாமிரவருணி மண்ணக் கொண்டு வந்து கொட்டிக் கொட்டி கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டு.

அசோகர் நம்ம ஊர் வரைக்கும் ஆண்டாரா? சில மேப்ல கன்னியாகுமரி வரைக்கும் கலர் அடிச்சிருக்கே?

இல்ல. அவரே கல்வெட்டுல சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பரபர்ணி இவங்கள எல்லாம் எல்லைக்கு வெளிய உள்ளவங்கன்னு தான் சொல்லுதாரு. அங்க தாம்பரபர்ணின்னது இலங்கைய, நம்ம ஆத்த இல்ல, இதுக்கும் ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன் சண்டைக்கு வருவான். கலர் அடிச்சவன் கை வழுக்கிட்டு, விடுங்க.

சோழர் உச்சம் ராஜராஜனா ராஜேந்திரனா?

இந்தச் சண்டை டீக்கடையில ஆரம்பிச்சா ராத்திரி பத்து மணிக்கும் முடியாது. பெரிய கோயில் ராஜராஜன் கட்டுனது, 1010. கங்கை வரைக்கும் படை போனது 1023 வாக்குல, கடல் தாண்டி மலேசியா, சுமத்ரா பக்கம் உள்ள கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் கப்பல் போனது 1025, ரெண்டும் ராஜேந்திரன். மேப் வச்சா ராஜேந்திரன் தான், கேள்வியே இல்ல.

ஆனா கடாரத்துக்குப் போனவன் அங்கன உக்காந்து ஆளல. அடிச்சான், அள்ளுனான், திரும்பிட்டான். கங்கையும் அப்பிடித்தான், தண்ணி எடுத்துட்டு வந்தாவ. மேப்ல அம்பு போடலாம், கலர் அடிக்க முடியாது. சோழன் நிஜமாவே கைக்குள்ள வச்சிருந்தது எதுன்னு பாக்கணும்னா நம்ம அம்பாசமுத்திரம் பக்கம் வரணும்.

அங்க மன்னார்கோயில்னு ஒரு ஊர். ராஜகோபால சுவாமி கோயில் இருக்கு, கல்வெட்டுல அதுக்குப் பேரு இராசேந்திர சோழ விண்ணகர். கட்டுனது யாருன்னா சேரராஜா ராஜசிம்மன். புரியுதா, பாண்டி நாட்டு மண்ணுல, சேரன் தன் கைக்காச போட்டு, சோழன் பேருல கோயில் கட்டுதான்! ஒரு ராஜாவ ஜெயிக்கிறது ஒண்ணு, ஜெயிச்சவன் பேருல தோத்தவன கோயில் கட்ட வைக்கிறது இன்னொண்ணு. அந்தக் கோயில்ல பெருமாள் நின்னாப்ல, உக்காந்தாப்ல, படுத்தாப்லன்னு மூணு அடுக்குல இருக்காரு, மேல ஏறுத படி ஒடுக்கமா இருட்டா இருக்கும், கையால சொவத்தத் தடவித் தடவித்தான் ஏறணும். நான் போன அன்னைக்கு என்னயும் ஒரு வௌவாலயும் தவிர ஆளே கிடையாது. கீழ அடித்தளத்துல எழுத்து வரிவரியா ஓடுது, நுணுக்கமான எழுத்து.

சேரன்மகாதேவிக்கு அப்ப பேரு நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம். முழு அட்ரஸ் சொன்னா, ராசராசப் பாண்டி நாட்டு முடிகொண்ட சோழ வளநாட்டு முள்ளிநாட்டு நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம். நாலு அடுக்கு அட்ரஸ்ல முள்ளிநாடு மட்டும் தான் நம்ம பேரு, மிச்சம் மூணும் சோழன் பட்டம். ராஜேந்திரன் தன் மகனுக்கே சுந்தர சோழ பாண்டியன்னு பட்டம் கட்டி இந்தப் பக்கத்த ஆள விட்டான். அதனால என் கணக்குப்படி சோழர் உச்சம் ஒரு வருஷம் இல்ல, 1020-ல இருந்து 1070 வரைக்கும். 1070 வாக்குல இலங்கை கைய விட்டுப் போச்சு, முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்ததும் பாண்டியன அடக்க நாகர்கோவில் பக்கம் உள்ள கோட்டாறு வரைக்கும் திரும்ப படையெடுக்க வேண்டியிருந்துச்சு. ஏற்கனவே அடங்கிக் கெடந்தா எதுக்குவே ரெண்டாவது தரம் படை?

அப்போ பாண்டியர்? அவங்களுக்கு உச்சமே இல்லையா, எப்பவும் சோழனையே பேசுதீங்க?

நம்ம ஊர்க்காரன் நீ கேக்கத்தான் செய்வ. இருக்குல. 1251-ல முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் பட்டத்துக்கு வாரான், நெல்லூர் வரைக்கும் போய் வீராபிஷேகம் பண்ணுதான், ஸ்ரீரங்கத்துக்கும் சிதம்பரத்துக்கும் பொன் வேயுதான். இவன் காலத்த உச்சம்னு கைடு சொல்லும். நான் அடுத்த ஆள சொல்லுவேன், மாறவர்மன் குலசேகர பாண்டியன், 1268-ல இருந்து நாப்பது வருஷத்துக்கு மேல. இவன் காலத்துல தான் 1279-ல மூணாம் ராஜேந்திரனோட சோழர் கதை முடிஞ்சிச்சு.

குலசேகரன் துட்டு எங்க இருந்து வந்துச்சுன்னா காயல்ல இருந்து. இன்னைக்கு பழையகாயல். மார்க்கோ போலோ 1292 வாக்குல இந்தக் கடற்கரைக்கு வந்தாரு, காயல பெரிய நகரம்னு எழுதுதாரு, ஹோர்மூஸ்ல இருந்தும் ஏடன்ல இருந்தும் குதிரை ஏத்தி வார கப்பல் எல்லாம் இங்கன தான் ஒதுங்குமாம். வஸ்ஸாஃப்னு ஒரு பாரசீக வரலாற்று ஆசிரியர் வருஷத்துக்கு 10,000 குதிரைன்னு கணக்கு சொல்லுதாரு, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தாலும் பாதி வச்சுக்கிடுங்களேன், அதுவே எம்மாம் பெரிய காசு! அதுலயும் கூத்து என்னன்னா இங்க குதிரைய வளக்கத் தெரியாம சோறும் வேவிச்ச கறியும் போடுதாவன்னு மார்க்கோ போலோ எழுதுதாரு. குதிரை செத்துச் செத்துப் போகும், அடுத்த வருஷம் திரும்ப வாங்கணும், குதிரைக்கு வைத்தியம் தெரிஞ்சவன அரபு வியாபாரிங்க இந்தப் பக்கம் விடவே மாட்டாங்களாம். நல்ல வியாபாரம்!

பழையகாயலுக்கு நான் பைக்ல போயிருக்கேன். ரெண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெளேர்னு கண்ணு கூசும், ஒரு அம்மா தலையில உப்புக் கூடையோட வரப்புல நடந்து போயிட்டிருந்தாவ. "துறைமுகம் எங்கம்மா இருந்துச்சு"ன்னு கேட்டேன், "துறைமுகம் தூத்துக்குடியில லா இருக்கு, வழி மாறி வந்துட்டியோ"ன்னாவ. ஊருக்குள்ள நின்னு பாத்தா கடலே தெரியல.

முடிவு சீக்கிரம் வந்துட்டு. குலசேகரனுக்கு ரெண்டு மகன், சுந்தரன், வீரன். அப்பனையே சுந்தரன் கொன்னுட்டான்னு வஸ்ஸாஃப் சொல்லுதாரு, 1310. அண்ணன் தம்பி அடிச்சிக்கிட்டு கெடக்கும்போது 1311-ல டெல்லி சுல்தானோட தளபதி மாலிக் காபூர் வந்து நிக்கான். உச்சத்துல இருந்து தரைக்கு ஒரே வருஷம். பாகப்பிரிவினையில அழிஞ்ச குடும்பம் நம்ம தெருவுலயே நாலு இருக்கு, இது கொஞ்சம் பெரிய குடும்பம், அம்புட்டுதான்.

மங்கோலியர் 1279-ன்னு சொல்லுதாவளே?

சோழன் முடிஞ்ச அதே வருஷம், ஞாபகம் வச்சுக்க லேசு. அந்த வருஷம் தான் குப்லாய் கான் தெற்கு சோங் வம்சத்த முடிச்சு சீனா முழுக்கப் பிடிச்சாரு, மொத்தம் சுமார் 2.4 கோடி சதுர கிலோமீட்டர், ஒட்டிக்கிட்டே கெடந்த நெலத்துல இம்மாம் பெரிய பேரரசு வேற கிடையாது. ஆனா 1259-ல குப்லாயோட அண்ணன் மோங்கே கான் செத்த அன்னைக்கே அது நாலா உடைய ஆரம்பிச்சிட்டு. குப்லாய் சொன்னா ரஷ்யாவுல இருந்த கூட்டமோ மத்திய ஆசியாவுல இருந்த கூட்டமோ கேக்காது, அவங்களுக்குள்ளயே அடிதடி. ஒரே பட்டாவுல நாலு பங்காளி, நாலு பேரும் பேசிக்கிட மாட்டாவ. நிஜ உச்சம் 1259-க்கு முந்தி.

விஜயநகரம்?

கிருஷ்ணதேவராயர், 1509–1529. 1565 தலைக்கோட்டைப் போர்ல முடிஞ்சிச்சுன்னு எழுதுங்க. ஆனா நம்ம பக்கம் அது முடியல பாத்துக்கிடுங்க, அவங்க அனுப்புன நாயக்கர் மதுரையில உக்காந்துட்டாவ, விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் 72 பாளையம் பிரிச்சாவ, கிருஷ்ணாபுரம் கோயில் சிலை எல்லாம் அந்த நாயக்கர் காலத்து வேலை தான். தலைநகரம் இடிஞ்சி இருநூறு வருஷத்துக்கு மேலயும் அவங்க போட்ட பாளைய ஏற்பாடு இங்க ஓடுச்சு. மேல அணையே உடைஞ்சாச்சு, கடைமடையில மட்டும் தண்ணி நிக்கி. என் கணக்குக்கே இடிக்குத ஒரே கேஸ் இது, ஒத்துக்கிடுதேன்.

முகலாயர்ல அக்பரா ஔரங்கசீப்பா?

நெலம் ஔரங்கசீப். 1686-ல பீஜப்பூர், 1687-ல கோல்கொண்டா, அதுக்கு மேல தெக்க இறங்கி செஞ்சிக் கோட்டைய மட்டும் எட்டு வருஷம் முற்றுகை போட்டு 1698-ல தான் பிடிச்சாவ. ஒரு கோட்டைக்கு எட்டு வருஷம்! மனுசன் 1681-ல தக்காணத்துக்கு வந்தவரு, வடக்க திரும்பிப் போகவே இல்ல, 1707-ல அகமதுநகர்ல செத்தாரு. மதுரை ராணி மங்கம்மா கப்பம் கட்டுனாவ, வாஸ்தவம் தான், ஆனா கப்பம் கட்டுததுங்கது தொல்லை வேண்டாம்னு குடுக்கிறது. 1739-ல பாரசீக ராஜா நாதிர் ஷா டெல்லிக்குள்ளயே வந்து மயிலாசனத்த தூக்கிட்டுப் போயிட்டான், உச்சத்துக்கும் அதுக்கும் முப்பது நாப்பது வருஷம் தான் இடைவெளி. வாங்குத துட்டு வீட்டுக்கு வந்த காலம்னா அக்பர், ஷாஜகான் காலம். 1650-க்கு முந்தி எங்க கைய வச்சாலும் நான் மார்க் போடுவேன்.

ஸ்பெயின், ஒட்டோமான் ரெண்டும் தேர்வுக்கு வருமா?

எப்பவாவது. ஸ்பெயின்ல இரண்டாம் பிலிப் 1580-ல போர்ச்சுகலையும் சேத்துக்கிட்டாரு, அமெரிக்காவுல இருந்து வெள்ளி கப்பல் கப்பலா வந்து எறங்குது, அப்பிடியிருந்தும் 1557, 1575, 1596-ன்னு கடன் கட்ட முடியாம கைய விரிச்சிருக்காரு. ஒட்டோமான் 1529-ல வியன்னா வாசல் வரைக்கும் போச்சு, 1683-ல திரும்பவும் போச்சு, ரெண்டாவது தடவை தோத்ததோட இறங்குமுகம். போதும்.

பிரிட்டிஷ் உச்சம் எப்போ? 1920-ன்னு சொன்னா உங்களுக்கு ஏன் கோவம் வருது?

கோவம்லாம் இல்ல, சிரிப்பு தான். 1920 வாக்குல பூமியில கால்வாசி அவங்க கையில, சுமார் 3.5 கோடி சதுர கிலோமீட்டர். பாலஸ்தீனம், ஈராக், தங்கனிகா எல்லாம் புதுசா வந்து சேந்துச்சு. அதே நேரம் அமெரிக்காகிட்ட போர்க்கடன் கழுத்து வரைக்கும், 1919-ல ஜாலியன் வாலாபாக், 1920-ல ஒத்துழையாமை இயக்கம், 1922-ல அயர்லாந்துல பெரும்பகுதியும் எகிப்தும் கை நழுவுது. நெலம் கூடுது, பிடி விடுது.

நம்ம கடைமடையில பாருங்க. 1799 அக்டோபர் 16, கயத்தாறுல கட்டபொம்மன தூக்குல போடுதாவ, மத்த பாளையக்காரங்கள வரவச்சு நிறுத்தி, அவங்க கண்ணு முன்னால. 1801-ல அவரு தம்பி ஊமைத்துரையயும் முடிச்சிட்டு, ஆற்காடு நவாப்கிட்ட மொத்த நிர்வாகத்தையும் எழுதி வாங்கிட்டாவ. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு இந்தச் சீமையில அவங்கள எதுத்து பெருசா ஒரு படை திரளல. 1843-ல கட்டுன சுலோச்சன முதலியார் பாலத்துல தான் நான் தெனமும் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் போறேன் வாரேன், அதுக்கும் கலெக்டர் ஆபீஸ்ல வேல பாத்த அந்த மனுசன் சொந்தக் காச போட்டாரு. ஊருக்குப் பாலம் வேணும்னா ஊர்க்காரன் துட்டு, வரி மட்டும் லண்டனுக்கு. இத விட உச்சம் என்ன வேணும்?

அப்புறம் 1906, தூத்துக்குடியில வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிக்காரு, காலியோ, லாவோன்னு ரெண்டு கப்பல், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும். வெள்ளைக்காரன் கம்பெனி டிக்கெட்ட கொறச்சிக்கிட்டே வந்து கடைசில சும்மாவே ஏறுங்க, கூட ஒரு குடையும் தாரோம்னான்னு எங்க தாத்தா காலத்துல இருந்து சொல்லுவாவ. உலகத்தையே ஆளுதவன் ஒரு வக்கீலோட ரெண்டு கப்பலுக்குப் பயந்து குடை குடுக்கான்னா அங்கனயே தெரிஞ்சி போச்சுல்ல. 1908 மார்ச்ல வ.உ.சி.ய பிடிச்சாவ, மறுநாளே திருநெல்வேலியில கடையடைப்பு, கலவரம், துப்பாக்கிச்சூடு.

1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். கலெக்டர் ஆஷ் பொஞ்சாதியோட கொடைக்கானல் போக ரயில் பெட்டியில உக்காந்திருக்காரு. செங்கோட்டை வாஞ்சிநாதன் ஏறிச் சுட்டுட்டு தானும் சுட்டுக்கிட்டான். அவன் சட்டையில இருந்த கடுதாசில ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டப் போறத எழுதியிருந்தான். லண்டன்ல அந்த முடிசூட்டு நடந்தது ஜூன் 22, சரியா அஞ்சே நாள் கழிச்சு. அங்க ராஜாவுக்கு கிரீடம் வைக்க மேடை கட்டிக்கிட்டு இருக்காவ, இங்க கடைசி மடையில அவரோட கலெக்டர் செத்துக் கெடக்காரு. அதனால பிரிட்டிஷ் உச்சத்த நான் 1850-ல இருந்து 1890-க்குள்ள வைப்பேன், 1890-க்குள்ள எஃகு உற்பத்தியிலயே அமெரிக்கா அவங்கள முந்திட்டு.

இப்போ அமெரிக்கா உச்சத்துல இருக்கா, இறங்குதா?

1945-ல அணுகுண்டு அவங்ககிட்ட மட்டும் தான் இருந்துச்சு, 1949-ல சோவியத்தும் வெடிச்சிட்டு. அந்த நாலு வருஷம்னு சொல்லுவேன். இதுக்கு மேல கேட்டா அரசியல் ஆயிரும், டீ ஆறிரும்.

தேர்வுல உங்க கணக்க எழுதலாமா, கைடு கணக்க எழுதலாமா?

ஏல, கைடு கணக்க எழுது! கொள்குறி வினாவுல கடைமடைன்னு ஒரு ஆப்ஷன் இருக்காது. போன வருஷம் ஒருத்தன் சோழர் கேள்விக்கு என் பேச்சக் கேட்டு யோசிச்சிக்கிட்டே இருந்துட்டு நேரம் போச்சுன்னு வந்து நிக்கான், அவங்க அம்மை என்னைய பாத்த பார்வை இருக்கே. விரிவா எழுதுத தாள்ல மட்டும் ரெண்டு வருஷத்தையும் எழுதி, நெலம் இப்போ, பிடி அப்போன்னு காரணம் சொல்லு.

தென்காசிப் பாண்டியர இந்தக் கணக்குல எங்க வைக்க?

எங்கயும் வைக்க முடியாது. மதுரை போனதுக்கப்புறம் இந்தப் பக்கம் ஒதுங்குனவங்க, பேரரசுன்னு சொன்னா அவங்களே ஒத்துக்கிட மாட்டாவ. பராக்கிரம பாண்டியன் 1446-ல காசி விசுவநாதர் கோயில ஆரம்பிச்சாரு. மத்த ராஜா எல்லாம் கல்லுல நான் அவன வென்றேன், இவன் தலையக் கொண்டேன்னு வெட்டுவான். இவரு வெட்டி வச்சிருக்கதப் பாருங்க, பின்னால இந்தக் கோயிலுக்கு ஒரு கொறை வந்து அத யார் சரி பண்ணிக் காப்பாத்துதாவளோ அவங்கள உலகம் அறியப் பணியுதேன்னு எழுதியிருக்காரு. கோபுரம் சிதஞ்சி ரொம்ப காலம் மொட்டைக் கோபுரமா நின்னுச்சு, ஊர்க்காரங்களும் வெளியூர்க்காரங்களும் துட்டு போட்டு ஒம்பது நிலையா கட்டி 1990-ல கும்பாபிஷேகம் பண்ணுனாவ. சீசனுக்கு குத்தாலம் போறப்ப எறங்கிப் பாருங்க, கோபுர வாசல்ல நின்னா காத்து ஆளத் தள்ளும், வேட்டிய கெட்டியா பிடிச்சுக்கிடணும்.